ஷிஃப்ட் ஒப்படைப்பு

நிக்சன்,
கம்ப்ரஸர் ரூம் சாவி ஆணியில் தொங்குகிறது.
மூன்றாம் நம்பர் பேரிங் சூடாகும்,
கை வைத்துப் பார்க்காதே, மீட்டரைப் பார்.
லாக்கரில் ஒரு பென்டிரைவ்,
கறுப்பு டேப் சுற்றியது.
அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரோடெல் கொடுத்தது. வெல்டர், செபு தீவுக்காரன்.
விசா முடிந்து போகிற அன்று
இரண்டு டின் சூரை மீனும் இதுவும் தந்தான்.
நூற்றுப் பதினான்கு பாட்டு, ஒன்றுக்கும் பெயரில்லை.
ஏதோ வைரஸ் பெயர்களைத் தின்றுவிட்டுச்
சத்தத்தை விட்டுவைத்திருக்கிறது.
யார் பாடியது, எந்த நாடு,
கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

கம்பெனி பஸ்ஸில் ரேடியோ கேட்டிருப்பாய்:
தங்கம் விலை, ரூபாய் விலை,
நடுவில் மூன்றரை நிமிஷக் காதல்,
மறுபடி தங்கம்.
ஏழாவது பாட்டு அங்கே செல்லாது,
அது தொடங்கவே இரண்டு நிமிஷம்.
பேஸ் கிட்டார் மட்டும், ஒரே சுரம்,
கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று
வெளியே ஒருத்தன் நிற்கிறமாதிரி.
பொறு.
மங்காஃபில் ஏறியதும் போடு.
ஷுவைபாவின் நெருப்பு தெரிகிற வளைவில்
டிரம்ஸ் வந்து விழும்.
சிக்னல் சிவப்பானால் கணக்குத் தப்பும்.
டிரைவர் ஷம்சுலுக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடு,
ஒன்றும் சொல்லமாட்டான்.

இருபத்திரண்டுக்கு நான் வைத்த பெயர் 'கேஸ்கட்'.
பாடுகிறவனுக்குத் தொண்டை கிழிந்திருக்கிறது,
கிழிந்த இடத்தில்தான் பாட்டே கசிகிறது.
முதல் தடவை பாதியில் நிறுத்தினேன்.
மூன்றாம் தடவைதான் கவனித்தேன்,
மூச்சு வாங்க அவன் எங்குமே நிற்கவில்லை.

நாற்பது வேண்டாம்.
கிட்டார்காரன் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறான்.

ஐம்பத்தொன்று தூசிக் காற்று நாளுக்கு.
வானம் சுட்ட குப்பூஸ் நிறத்தில் இறங்கி
முன்னால் போகிற வண்டியைத் தின்னும்போது
அதில் ஒரு பெண் பாடுவாள், பின்னால் மூன்று கிட்டார்.
குரலை உயர்த்தவே மாட்டாள்.
மூன்றும் அவளுக்கு ஒதுங்கிக்கொண்டே இருக்கும்,
ஆம்புலன்ஸுக்கு லாரிகள் ஒதுங்குவதுபோல.

சாரம் கட்டுகிற தன்பகதூர்
கடைசி சீட்டில் தூங்குவான்.
நடிப்புதான். பூட்ஸ் தாளம் போடும்.
ஒருநாள் கண்ணைத் திறக்காமலே
'திரேசட் லகாவ், பாய்' என்றான்.
அறுபத்துமூன்று. எண்ணிவைத்திருக்கிறான்.

மார்ச்சில் காது டெஸ்ட்.
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள்.
இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று
சும்மா இருந்தேன்.
முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தார்கள்.
தாளில் கோடு நேராக வந்து
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.
பதினேழு வருஷம் இந்த மிஷின் பக்கத்தில்.
டாக்டர் கேட்கிறார்,
ஹெட்போனில் சத்தமாகப் பாட்டு கேட்பீர்களா?
அந்தக் கட்டத்தில் மட்டும்
நான் கையெழுத்துப் போடவில்லை.

என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.
போல்ட் எண்ணுகிற வேலை, அமைதியான இடம்.

அறுபத்துமூன்றில், நிக்சன்,
நாலாவது நிமிஷம் எல்லாம் அடங்கும்.
அப்புறம் ஒரு சிம்பல்.
அடிப்பதில்லை, குச்சியின் நுனி
விளிம்பைத் தொட்டுவிட்டுப் போகும்.
காலிச் சில்வர் தட்டில் ஒரே ஒரு அரிசி விழுந்ததுபோல.
அப்படித்தான் நினைவு.
இப்போது அந்த இடத்தில்
பஸ்ஸின் ஏசி ஓடுகிறது எனக்கு.
தன்பகதூரிடம் கேட்கலாம்,
எனக்காகப் பொய் சொல்லிவிடுவான்.

நீ கேட்டுப் பார்.
இருக்கிறதா என்று சொல்.
வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுதி அனுப்பு.

இயர்பிளக் இரண்டாவது டிராயரில், மஞ்சள் டப்பா.
மேலே கிடக்கிற பழசைப் போடாதே.